கூரை திறக்கும் வண்டி

மாசாய் மாராவில் எடுத்த சிவிங்கிப் படம் ஒன்று கண்காட்சியில் தொங்கினால், கீழே உள்ள அட்டையில் கேமராவின் பெயர் இருக்கும், லென்ஸின் நீளம் இருக்கும், படம் பிடித்தவர் பெயரும் இருக்கும். அந்த லென்ஸ் எதன் மேல் சாய்ந்திருந்தது என்பது மட்டும் இருக்காது. பெரும்பாலும் அது ஒரு டொயோட்டா லேண்ட் குரூசரின் கூரை விளிம்பில், அரிசியோ பயறோ அடைத்த துணிப்பையின் மேல் சாய்ந்திருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் எடுக்கப்படும் காட்டுயிர்ப் படங்களில் பாதிப் பங்கு அந்த வண்டிக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரியது என்பது என் கட்சி. ஆகவே இது அந்த வண்டியின் கதை.

வண்டியின் பூர்வீகம் ஜப்பான். 1951இல் டொயோட்டா 'பிஜே' என்ற ஜீப் ஒன்றைச் செய்து, ஃபூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏற்றிக் காட்டியது. 1954இல் அதற்கு லேண்ட் குரூசர் என்று பெயர் வைத்தார்கள். இன்று சஃபாரிக்கு ஓடும் 70 வரிசை 1984இல் வந்தது. அதற்குப் பிறகு உலகத்துக் கார்கள் எல்லாம் வளைந்து, வழுவழுத்து, கணினி மயமாகிவிட்டன. இது மட்டும் ஏணி போன்ற இரும்புச் சட்டகம், பின்னால் கமான் பட்டை, தட்டையான கண்ணாடி என்று பழைய உடம்போடு வந்துகொண்டே இருந்தது. இதன் புகழ்பெற்ற எஞ்சின் '1எச்இசட்'. 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல். வேகம் கிடையாது. ஆனால் அதில் கெட்டுப்போவதற்கு மின்னணுப் பொருள் அநேகமாக எதுவும் இல்லை. பக்கத்துப் பட்டறை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில், ஸ்பானரும் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஓட்டுநரே சரிசெய்துவிடலாம் என்பதுதான் இதன் மேல் உள்ள நம்பிக்கை.

கென்யாவுக்கு இதன் பிக்கப் வகை முழு வண்டியாக வருவதைவிட பாகங்களாக வருவதே வழக்கம். மொம்பாசாவில் உள்ள அசோசியேட்டட் வெஹிக்கிள் அசெம்ப்ளர்ஸ் ஆலையில் அவற்றைப் பற்றவைத்து, வண்ணம் பூசி, வண்டியாக்கி வெளியே விடுகிறார்கள். அந்த நிலையில் அது இரண்டு பேர் உட்காரும் முன்கூடும், பின்னால் மூட்டை ஏற்றும் தொட்டியும் கொண்ட சாதாரண பிக்கப். அதே வண்டியைக் காவல்துறையும் வாங்கும், சுரங்கக்காரர்களும் வாங்குவார்கள். சிங்கத்துக்கும் அதற்கும் இன்னும் சம்பந்தம் ஏற்படவில்லை.

சம்பந்தம் ஏற்படுவது நைரோபியிலும், எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் அருஷாவிலும் உள்ள பட்டறைகளில். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிற அதே தொழில்தான். தொட்டியைக் கழற்றி எறிகிறார்கள். தேவைப்பட்டால் சட்டகத்தை வெட்டி, நடுவில் இரும்பு சேர்த்து நீட்டுகிறார்கள். சதுரக் குழாய்களைப் பற்றவைத்து எலும்புக்கூடு நிறுத்தி, தகடு அடித்து, ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு ஜன்னல் கிடைக்கும்படி இரண்டு மூன்று வரிசை போடுகிறார்கள். கமானில் கூடுதல் பட்டைகள் சேர்கின்றன. கேமரா பேட்டரிக்கு மின்செருகிகளும், தண்ணீர் வைக்கச் சிறு குளிர்ப்பெட்டியும் வருகின்றன. கடைசியாகக் கூரை. தனித் தகடாகச் செய்து, நான்கு மூலையிலும் கால் கொடுத்து, உள்ளிருந்து தள்ளினால் மேலே எழும்பி நிற்கும்படி பூட்டுகிறார்கள். வெயிலுக்கு நிழலும் கிடைக்கும், நின்றுகொண்டு நாலாபக்கமும் பார்க்கவும் முடியும். படம் பிடிப்பவர்களுக்கென்றே செய்யும் வண்டிகளில் பக்கக் கதவையும் அறுத்துத் திறப்பு வைக்கிறார்கள். தரையில் படுத்தபடி லென்ஸை வெளியே நீட்டலாம்.

வண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மணல் நிறம், காய்ந்த புல்லின் நிறம், மங்கிய பச்சை என்றுதான் பூசுவார்கள். கருப்பும் நீலமும் செட்சி ஈயை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்கக் காட்டில் தொங்கவிடும் பொறித்துணிகள்கூட நீலமும் கருப்புமாகவே இருக்கும். ஓடுகிற வண்டியைத் துரத்தி வந்து கடிக்கும் ஈ அது.

இந்த வண்டிக்கு முன்னோர்கள் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் கார்ல் கேயோர்க் ஷில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர், அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவில் சிங்கத்தைப் படம் பிடித்தார். கழுதையை இரையாகக் கட்டிவைத்து, மக்னீசியப் பொடி வெடித்து வெளிச்சம் தர, கண்ணாடித் தகட்டில் பதிந்த படங்கள். அவரிடம் வண்டி இல்லை, சுமையாட்களின் வரிசைதான் இருந்தது. 1920களில் செரங்கெட்டிக்கு மோட்டார் வண்டி வந்ததும் முதலில் கெட்டதுதான் நடந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே சிங்கங்களைச் சுட்டார்கள். வேட்டை வழிகாட்டியாக இருந்த டெனிஸ் ஃபின்ச் ஹாட்டனே அதை வெறுத்து, லண்டன் டைம்ஸுக்கு எழுதினார். அதே காலத்தில்தான் வண்டிக்குப் பின்னால் இறைச்சியைக் கட்டி இழுத்துச் சிங்கங்களைப் பழக்கிப் படம் எடுக்கும் வழக்கமும் வந்தது. இன்று அதைச் செய்யவிட மாட்டார்கள். ஆனால் வண்டி வந்தால் துப்பாக்கி வெடிக்காது என்று சிங்கம் கற்றுக்கொள்ளத் தொடங்கிய காலம் அது.

பிறகு லேண்ட் ரோவர் வந்தது. ஜாய் ஆடம்சன் வளர்த்த எல்சா என்ற பெண் சிங்கம் பழைய படங்களில் படுத்திருக்கும் கூரை அந்த வண்டியினுடையது. 1977இல் கென்யா வேட்டைக்கு முழுத் தடை போட்டது. அதன் பின் அந்நாட்டில் சஃபாரி என்றால் பார்ப்பதும் படம் எடுப்பதும்தான். கூட்டம் பெருகியது. வெள்ளை நிற மினி வேன்களின் கூரையை அறுத்து ஏற்றி இறக்கும்படி செய்தார்கள். அந்த வேன்கள் இன்னும் ஓடுகின்றன. மழை பெய்தால் மட்டும் திண்டாடும். மாராவின் சமவெளி பெரும்பகுதி நம் ஊர்க் கரிசல் போன்ற மண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு விடாது. அந்த மண்ணில்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர் ஜெயித்தது.

வேலைக்கு வந்துவிட்ட வண்டியின் ஒரு நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கே எழும். வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்து விழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஓட்டுநரே வழிகாட்டியும். கென்யாவில் இவர்களுக்கென்று சங்கம் இருக்கிறது, தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிநிலை தருகிறது. வெள்ளிப் படிநிலைக்காரர் ஒருவர் சிங்கத்தை முதலில் தேடமாட்டார். இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசையில் காதை நிமிர்த்தி நிற்கின்றனவா என்று பார்ப்பார். வரிக்குதிரை தண்ணீருக்கு இறங்கத் தயங்குகிறதா என்று பார்ப்பார். இதற்கிடையே வயர்லெஸ்ஸில் மற்ற வண்டிகளின் பேச்சு ஸ்வாஹிலியில் ஓடிக்கொண்டே இருக்கும். சிம்பா என்றால் சிங்கம், சூயி என்றால் சிறுத்தை, டுமா என்றால் சிவிங்கி. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது புரியாது. வண்டி திரும்பும்போதுதான் ஏதோ கிடைத்திருக்கிறது என்று தெரியும்.

விலங்கு ஏன் இந்த வண்டியைப் பொருட்படுத்துவதில்லை? தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிவிட்டது என்பதே முக்கியமான காரணம். வண்டியும் ஆட்களும் சேர்ந்த மொத்த உருவத்தை ஒரே பொருளாக அது எடுத்துக்கொள்கிறது என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆள் இறங்கி நின்றால் அந்த உருவம் உடைகிறது. அந்த நொடியே சிங்கம் எழுந்து நிற்கும். மாராவில் சில சிவிங்கிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இரையைத் தேடிப் பார்க்கக் கறையான் புற்றின் மேல் ஏறுவதற்குப் பதிலாக வண்டியின் மேல் ஏறத் தொடங்கின. பி.பி.சி.யின் 'பிக் கேட் டைரி' தொடர் வழியாக உலகம் அறிந்த கிக்கே என்ற சிவிங்கி அப்படித்தான் பேர் பெற்றது. பார்ப்பவர்களுக்குப் பரவசம். எனக்கோ அந்தப் படங்களைப் பார்க்கும்போது, ஒரு காட்டு விலங்கு இவ்வளவு நம்பியிருக்கிறதே என்ற கவலைதான் முதலில் வரும்.

கவலைக்குக் காரணம் உண்டு. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். அவற்றிடம் இரையையும் குட்டியையும் பறிகொடுக்கக் கூடாதென்று சிவிங்கி பகலில் வேட்டையாடுகிறது. நாம் வண்டியில் கிளம்பும் நேரமும் அதுவே. புல்வெளியில் ஒரு தாய் தாம்சன் மானைக் குறிவைத்து வயிறு தரையில் பட நகரும்போது, அதன் பாதையிலேயே இரண்டு வண்டி போய் நிற்கும். ஃபெம்கே ப்ருக்ஹாய்ஸ் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு மாராவின் சிவிங்கிகளைப் பற்றியது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஒரு ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து ஆளாகின்றன. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் அது 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. ஒரே நேரத்தில் முப்பது வண்டிகள் ஒரு சிவிங்கியைச் சூழ்ந்திருந்ததும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. வண்டி ஏறிக் குட்டி செத்தது என்று அவர் சொல்லவில்லை. தாய் வேட்டையைக் கைவிடுவது, உண்ணும்போது பாதியில் எழுந்துபோவது, குட்டிகளைப் பிரிந்துவிடுவது எல்லாம் சேர்ந்து இப்படி ஆகலாம் என்பது அவர் எடுத்துக்காட்டும் சாத்தியம். உலகத்தில் மிஞ்சியிருப்பவையே சுமார் 7,000 சிவிங்கிகள்.

மாரா காப்புக்காட்டின் விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் கூடாது, 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும். விதியை மீறுவது ஓட்டுநர்தான் என்று பழி போடுவது சுலபம். ஆனால் பின்னிருக்கையிலிருந்து "இன்னும் கொஞ்சம் கிட்டே" என்று சொல்வது விருந்தினர். அவர் தரும் அன்பளிப்பை நம்பியே அந்த ஓட்டுநரின் மாதம் ஓடுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், கிட்டே போவதால் படம் நன்றாக வருவதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுச்சட்ட கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ், 25 மீட்டர் தூரத்தில், இரண்டேகால் மீட்டர் அகலத்தைக் காட்டும். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் சிவிங்கியின் உடல் ஒன்றேகால் மீட்டர் அளவு. சட்டத்தில் பாதிக்கு மேல் அதுவே நிறைந்துவிடும். இனி உயரத்தைப் பாருங்கள். கூரைத் திறப்பில் நிற்பவரின் கண் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சிவிங்கியின் கண் எழுபது சென்டிமீட்டரில். எட்டு மீட்டருக்கு நெருங்கினால் 12 டிகிரி சாய்வில் அதன் முதுகைத்தான் எடுப்பீர்கள், பின்னணி முழுக்கப் புல்லாக இருக்கும். நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் அந்தச் சாய்வு இரண்டரை டிகிரியாகக் குறைகிறது. கண்ணுக்குக் கண் பார்க்கிற படம், பின்னால் கரைந்துபோகும் சமவெளி, எல்லாம் தூரம் தருகிற வரம். வெயில் ஏறிக் கானல் நெளியத் தொடங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். சும்மா ஓடும் டீசல் எஞ்சினின் அதிர்வு கூரை விளிம்பு வழியாக லென்ஸுக்கு வந்துவிடும். அரிசிப் பை அதைக் குறைக்குமே தவிர, முழுதும் விழுங்காது.

மாராவைச் சுற்றி மாசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்றுசேர்த்துக் குத்தகைக்கு விட்டு உருவாக்கிய காப்பகங்களில், விலங்கைச் சூழாமல் தள்ளி நிற்பதை நடைமுறையிலேயே பார்க்கலாம். 2010இல் தொடங்கிய மாரா நபோய்ஷோ சுமார் 50,000 ஏக்கர். ஏறத்தாழ ஐந்நூறு நில உடைமையாளர்கள் சேர்ந்தது. இங்கே தங்கும் கூடாரங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. ஆகவே வண்டிகளும் குறைவு. குத்தகைப் பணம் குடும்பங்களுக்குப் போகிறது, கால்நடை மேய்ச்சலுக்கும் முறை வைத்திருக்கிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு ஒருமுறை போகப் பணம் சேர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, நாட்களைக் குறைத்துக்கொண்டாவது இப்படிப்பட்ட இடத்துக்குப் போங்கள் என்பதே.

வண்டிக்கு வயதாகிறது. புழுதி எல்லா இடுக்கிலும் புகுந்து, அலையலையான சாலைகளில் பற்றவைத்த இடமெல்லாம் விரிசல் விட்டு, கமான் பட்டை உடைந்து உடைந்து மாறி, கூண்டு தளர்ந்துவிடும். சட்டகம் மட்டும் உறுதியாக இருக்கும். சிலவற்றுக்குப் புதுக் கூண்டு கட்டி மறுபடி ஓட்டுகிறார்கள். சிலவற்றுக்கு வேறு வழி பிறந்திருக்கிறது. 2017இல் கென்யாவில் ஓப்பிபஸ் என்ற பெயரில் தொடங்கி இப்போது ரோம் என்று அழைக்கப்படும் நிறுவனம், பழைய சஃபாரி லேண்ட் குரூசர்களின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தித் தந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஓடுவது குறைந்த தூரம், அதுவும் மெதுவாக, நடுப்பகலில் முகாமில் சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ள நேரமும் உண்டு என்பதால் இந்த வேலைக்கு மின்வண்டி பொருந்துகிறது. அதிர்வு இல்லை, புகை இல்லை. முப்பது வண்டி சூழ்ந்தால் அதுவும் அதே முப்பதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கழற்றிப் போட்ட '1எச்இசட்' எஞ்சினுக்கு வாங்க ஆள் இருக்கிறது. வேறொரு லேண்ட் குரூசரில் அது இன்னும் பல்லாண்டு ஓடும்.