தூசி தட்ட ஆளில்லாத ஊர்

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் என்ற குட்டி வண்டியின் முதுகில் ஒரு சோலார் பேனல் இருந்தது. அதன் மூலையில், தூசியை அளக்கவென்றே ஒரு சின்னக் கருவி. ஒற்றை சோலார் செல், மேலே நகரக்கூடிய கண்ணாடி மூடி, அவ்வளவுதான். மூடியிருக்கும்போது ஒரு அளவு, விலக்கியபின் ஒரு அளவு. வித்தியாசம்தான் கண்ணாடியில் படிந்த தூசியின் கணக்கு. நாளொன்றுக்குச் சுமார் 0.28 சதவீத மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அற்பமாகத் தோன்றும் எண்தான். ஆனால் இதே வேகத்தில் போனால் மூன்றே மாதத்தில் கால் பங்கு காலி.

2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரட்டை வண்டிகள் போய் இறங்கின. ஆயுள் 90 செவ்வாய் நாள் என்று நாசா குறித்திருந்தது.

காரில் இருப்பதுபோல ஒரு வைப்பர் வைத்தால் என்ன என்று அப்போது கேட்காதவர்கள் குறைவு. வைப்பருக்கு மோட்டார் வேண்டும், எடை கூடும், அந்த எடைக்கு ஆய்வுக் கருவி ஒன்றை இறக்கிவைக்க வேண்டும். 90 நாள் ஓடினால் போதும் என்கிற வண்டிக்கு அது வீண் செலவு. நியாயமான முடிவுதான்.

ஆனால் யாரும் கணக்கில் வைக்காத வேலையாள் ஒருவன் இருந்தான்: காற்று. 2005 மார்ச்சில் ஸ்பிரிட்டின் பேனல் திறன் 60 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 93 சதவீதத்துக்குத் தாவியது. மறுநாளே அருகில் சூறைக்காற்றுச் சுழல்கள் படத்தில் சிக்கின. வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. மணலில் புதைந்து, பேனலைக் குளிர்காலச் சூரியன் பக்கம் சாய்க்க முடியாமல் ஸ்பிரிட் 2010இல் அடங்கியது. ஆப்பர்சூனிட்டியோ 14 ஆண்டுகளில் 45 கிலோமீட்டர் உருண்டது. 2018 ஜூனில் கோளையே மூடிய புழுதிப்புயல் வெயிலை மறைத்தபின் அதனிடமிருந்து சத்தமே இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் இறங்கிய இன்சைட்டுக்குக் காற்று கைகொடுக்கவில்லை. அது நகராத கலம். நிலநடுக்கம் கேட்கப் போனது. பக்கத்தில் எத்தனையோ சுழல்கள் கடந்தும் பேனல் சுத்தமாகவில்லை. 2021 மே மாதம் பொறியாளர்கள் மண்ணைப் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற பழைய உத்திக்கே வந்தார்கள். எந்திரக் கை மணலை அள்ளி, காற்று வரும் பக்கமாகப் பேனலருகே மெல்லச் சரித்தது. பருமணல் காற்றில் துள்ளிப் பேனல்மேல் உருண்டு, நுண்தூசியை இழுத்துக்கொண்டு போனது. லாபம், நாளுக்குச் சுமார் 30 வாட்-மணி.

அதனால் கொஞ்ச காலம் தள்ள முடிந்தது. தொடக்கத்தில் நாளுக்கு 5,000 வாட்-மணி தந்த பேனல்கள் 2022 மே மாதத்தில் 500க்கு வந்துவிட்டன. டிசம்பரில் இன்சைட் ஓய்ந்தது. இரண்டு ஆண்டுக்கென்று அனுப்பிய கலம் நான்கு ஆண்டு உழைத்ததால், வைப்பர் வைக்காததைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை.

2012இல் இறங்கிய க்யூரியாசிட்டிக்கும் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் புளூட்டோனியத்தின் சூட்டில் மின்சாரம் எடுப்பவை. அவற்றில் சோலார் பேனலே கிடையாது.