லிஸ்பனிலிருந்து கோவாவுக்குப் பதின்மூன்று மாதம்

நம் பங்கின் பாதுகாவலராம் புனித சவேரியார் இந்தியா வந்து சேர்ந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, இந்த யூபிலி மலரில் அதனைச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

லிஸ்பன் நகருக்கும் கோவாவுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 8,300 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் நேரே பறந்தால் பத்து மணி நேரம் போதும். இடையில் இறங்கி வேறு விமானம் ஏறக் காத்திருப்பதைச் சேர்த்தாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடலாம். 1964 டிசம்பர் 2-ஆம் நாள் உரோமையிலிருந்து புறப்பட்ட திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், நற்கருணை மாநாட்டிற்காக அன்றே பம்பாய் வந்து இறங்கினார் அல்லவா!

சவேரியாரோ 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தமது 35-ஆவது பிறந்த நாளன்று, 'சந்தியாகு' என்னும் கப்பலில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டார். கோவாவில் கால் வைத்தது 1542 மே 6-ஆம் நாள். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை கடந்து வரவேண்டும். வழியின் தூரமே இரு மடங்குக்கு மேல். பாய்மரக் கப்பலுக்குத் தூரத்தைவிடக் காற்றே எஜமான். கினியாக் கரையருகே காற்றின்றி நாற்பது நாள் கப்பல் அசையவில்லை. இரண்டு மாதம் கடல் மயக்கத்தால் வாடினார் நம் புனிதர். தென்மேற்குப் பருவக்காற்றைத் தவறவிட்டதால் மொசாம்பிக்கில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்க நேர்ந்தது. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தார், தாமும் காய்ச்சலுற்றார். பின்பு இரு தோழர்களையும் அங்கேயே விட்டு, ஆளுநருடன் வேறு கப்பலேறினார். அதே ஆண்டு அக்டோபரில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்!

பயணம் ஒருமுறைதான், கடிதங்களுக்கோ ஒவ்வொரு முறையும் இதே வழி. மொலுக்காஸ் தீவுகளிலிருந்து 1546-இல் எழுதுகையில், உரோமையிலிருந்து எழுதிப் பதில் பெற மூன்று ஆண்டு ஒன்பது மாதம் செல்லும் என்று சவேரியாரே கணக்கிட்டிருக்கிறார். வந்த கடிதங்களிலிருந்து தம் சகோதரர்களின் கையெழுத்துகளை மட்டும் கத்தரித்து, எப்போதும் தம் நெஞ்சோடு வைத்திருந்தார். அவர் செய்த புதுமைகளைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். இந்தத் துண்டுக் காகிதங்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை.

1553 ஜூன் 28-ஆம் நாள் புனித இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து, ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி தம் அன்புச் சீடருக்கு எழுதினார். சவேரியார் சீனக் கரையிலுள்ள சான்சியான் தீவில் 1552 டிசம்பர் 3-ஆம் நாளே உயிர் நீத்திருந்தார். ஏழு மாதமாகியும் அச்செய்தி உரோமைக்கு எட்டவில்லை. அக்கடிதம் எழுதப்பட்ட நாளில் அவரது திருவுடல் மலாக்காவில் ஒரு கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அங்கிருந்து கோவா வந்து சேர 1554 மார்ச் ஆயிற்று.