சில நாள் ஸ்டார்ட் ஆகுது, சில நாள் ஆகலை... பழைய காரின் கண்ணாமூச்சியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆபீஸ் கிளம்புற நேரத்துல சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே ஒரு சத்தம். நாலாவது தடவை திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிடும். அப்புறம் பத்து நாளைக்குப் பிரச்னையே இருக்காது. மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா, அங்கே சமத்துப் பிள்ளையா முதல் திருப்பிலேயே உறுமும். அவரும்தான் என்ன செய்வார்? "பேட்டரியை மாத்திப் பார்ப்போம்" என்பார். சில ஆயிரம் போகும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் 'டக்'. அடுத்தது செல்ஃப் மோட்டார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியாவுல வீட்டு வாசல்ல நிக்கிற மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோவுக்கெல்லாம் பஞ்சமே இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்னுபோச்சு. ஆனா வண்டிகள் ஓடிட்டுதான் இருக்கு. 15 வருஷம் முடிஞ்ச சொந்த உபயோகக் காரையும் எஃப்.சி காட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஆர்.சி-யைப் புதுப்பிச்சு ஓட்டலாம். அப்படி ஓட்டுறவங்களுக்கு, பார்ட்ஸை ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்கிற வைத்தியம் கட்டுப்படியாகாது. முதல்ல நோயைக் கண்டுபிடிக்கணும். அதுல பாதி வேலையை, கையில இருக்கிற போனை வச்சே நீங்க செஞ்சிடலாம்.

முதல்ல சத்தத்தைக் கேளுங்க

வண்டி மக்கர் பண்ணும்போது டென்ஷன்ல திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீங்க. போனை எடுத்து, டேஷ்போர்டு விளக்குகள் தெரியுற மாதிரி வீடியோ ஆன் பண்ணிட்டு, ஒரு தடவை மட்டும் திருப்புங்க. பிரச்னை வர்ற அந்தப் பத்து விநாடிதான் முக்கியம். மெக்கானிக் நேர்ல பார்க்க முடியாததும் அதுதான்.

'டக டக டக'ன்னு வேகமா அடிச்சா, கரன்ட் பத்தலைன்னு அர்த்தம். செல்ஃப் மோட்டார் மேல இருக்கிற சோலனாய்டு இழுக்குது, உடனே வோல்டேஜ் படுத்துடுது, சோலனாய்டு விட்டுடுது, வோல்டேஜ் ஏறினதும் திரும்ப இழுக்குது. பேட்டரி, இல்லைன்னா அதோட டெர்மினல் மேலதான் சந்தேகம். ஒரே ஒரு 'டக்' கேட்டு அப்புறம் அமைதின்னா, சோலனாய்டு வேலை செய்யுது, மோட்டார் சுத்தலை. செல்ஃப் உள்ளே கார்பன் தேஞ்சிருக்கலாம், சோலனாய்டு காண்டாக்ட் கருகியிருக்கலாம், தடியான கேபிள் லூஸா இருக்கலாம். சத்தமே இல்லைன்னா சாவி ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ் பக்கம் போகணும். சில கார்கள்ல கிளட்ச் பெடல் ஸ்விட்ச்சும், ஆட்டோமேட்டிக்னா கியர் லீவர் ஸ்விட்ச்சும் காரணமாகலாம். இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா பத்திக்கலைன்னா செல்ஃபைத் தொடவே வேண்டாம். அது பெட்ரோல் அல்லது ஸ்பார்க் பிரச்னை.

இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியா சொன்னாலே, தேவையில்லாத செலவு பாதி குறையும்.

வீடியோவோட சேர்த்து நோட்ஸ் ஆப்ல ரெண்டு வரி எழுதி வைங்க: வண்டி சூடா இருந்ததா, ராத்திரி முழுக்க நின்னதா, மழையா, எத்தனை நாளா எடுக்கலை. நாலஞ்சு தடவை எழுதினா ஒரு பேட்டர்ன் தானா தெரியும்.

மீட்டர் பொய் சொல்லாது

சில நூறு ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். டி.சி 20 வோல்ட்டுல வைங்க. ராத்திரி நின்ன வண்டியில காலையில பேட்டரியை அளந்தா, 12.6 வோல்ட் பக்கம் இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2-ன்னா பாதிதான். 12-க்குக் கீழேன்னா முதல்ல சார்ஜ் போட்டுட்டு மத்ததைப் பேசலாம். ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியில 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தா பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8-ல இருந்து 14.5 வரை காட்டணும். காட்டலைன்னா, நம்ம மெக்கானிக்குங்க 'டைனமோ'ன்னு சொல்ற ஆல்டர்னேட்டர் சார்ஜ் போடலை.

பேட்டரி நல்லா இருக்கு, ஆனாலும் 'டக்'. பழைய வண்டிகள்ல அதிகமா ஏமாத்துற இடமே இதுதான். சின்ன கார்லகூட செல்ஃப் சுத்தும்போது 100 ஆம்பியருக்கு மேல இழுக்கும். அவ்வளவு கரன்ட் போற வழியில, ஒரு ஜாயின்ட்ல வெறும் 0.03 ஓம் தடை இருந்தா போதும்; 3 வோல்ட் அங்கேயே காலி. ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர்தானே வேணும், அது பளிச்சுனு எரியும். "லைட் நல்லா எரியுதே, பேட்டரி லைன் ஓ.கே"ன்னு எல்லாரும் நம்பிடுவாங்க. மீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பார்த்தாலும் இவ்வளவு சின்ன தடை சரியா தெரியாது.

அதனால வேற மாதிரி அளக்கணும். ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரல்ல வைங்க. மீட்டரோட ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்து மேலேயே இருக்கணும், கிளாம்ப் மேல இல்லை. இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இடத்துல வைங்க. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினா எர்த் கேபிள்ல கோளாறு. இதே மாதிரி பாசிட்டிவ் கம்பத்துல இருந்து செல்ஃபோட தடி டெர்மினல் வரைக்கும் அளந்து, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில கோளாறு. வண்டி அன்னிக்கு ஸ்டார்ட் ஆனாலும் இந்த டெஸ்ட்ல பலவீனமான ஜாயின்ட் மாட்டிக்க வாய்ப்பு உண்டு.

தீர்வு பெரும்பாலும் செலவே இல்லாதது. வெள்ளையாவும் பச்சையாவும் பூத்திருக்கிற டெர்மினலைக் கழட்டி, வெந்நீர்ல சமையல் சோடா கலந்து கழுவி, உப்புத்தாளால தேய்ச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவணும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியா. எர்த் கேபிள் பாடியிலயும் கியர்பாக்ஸ்லயும் போல்ட் ஆகுற இடங்களை யாரும் பார்க்கிறதில்லை, அங்கேயும் பாருங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி புகுந்த தெருவுல நின்ன வண்டின்னா கட்டாயம் பாருங்க. தண்ணி வடிஞ்சாலும், கனெக்டருக்குள்ள துரு மெதுவா வேலை செய்யும்.

சூட்டுல மட்டும் வம்பு பண்ணுதா?

பூந்தமல்லி டிரங்க் ரோடு டிராஃபிக்ல ஊர்ந்து வந்து, கடை வாசல்ல பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தா ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் ஆறவிட்டா ஆகிடும். கார்புரேட்டர் வண்டின்னா, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி உள்ளே அதிகமா சேர்ந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிச்சு செல்ஃப் அடிச்சா பெரும்பாலும் எடுத்துக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். சூடானா சிக்னல் கட்டாகும். ரிலே உள்ளே ஈயப் பற்று விரிசல் விடுறதும் உண்டு. சாவியை ஆன் பண்ணினதும் பின் சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ரெண்டு விநாடி முனகுதான்னு கேளுங்க. சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டினா, அது சாவியில இருக்கிற சிப் பிரச்னை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்க.

நாலு நாள் நின்னா மட்டும் படுத்துக்குதுன்னா, வெளியில மாட்டின ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, அலாரம் எதுவோ கரன்ட் குடிக்குது. எல்லாம் ஆஃப் ஆகிக் கொஞ்ச நேரம் கழிச்சு 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அரை ஆம்பியர் கசிஞ்சா ரெண்டு நாள்ல 24 ஆம்பியர்-அவர் காலி. சின்ன கார் பேட்டரியே 35-தான்.

செல்ஃப்தான் குற்றவாளின்னா...

செல்ஃபோட சின்ன வயருக்கு 12 வோல்ட் வருது, தடி கேபிள்லயும் வருது, மோட்டார் சுத்தலை. இப்போதான் செல்ஃபைக் கழட்டணும். அப்பவும் புதுசு வாங்க அவசரப்படாதீங்க. பாடியில 'லூகாஸ்' பஸ் ஸ்டாப்புக்குப் பேர் கொடுத்த லூகாஸ் டி.வி.எஸ் தொழிற்சாலை, 1960-கள்ல இருந்து இயங்குற, ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யுற இடம். அந்தத் தொழில் ஊறின ஏரியா இது. கார்பன், புஷ், சோலனாய்டு மாத்தி ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடினா கிடைப்பார். கழட்டின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்க. தேஞ்ச கார்பனைக் கண்ணாலயே பார்க்கலாம்.

ரெண்டு பழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் விடுங்க. டைனமோவை செக் பண்றேன்னு, ஓடுற வண்டியில பேட்டரி வயரைக் கழட்டுறது ஒண்ணு. வோல்டேஜ் எகிறி இ.சி.எம் போயிடும். செல்ஃபைச் சுத்தியலால தட்டி ஓட்டிட்டே இருக்கிறது இன்னொண்ணு. ஒரு தடவை தட்டி எடுத்துச்சுன்னா கார்பன் தேஞ்சதுக்கு அது நல்ல துப்பு, அன்னிக்கே நேரா எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. போகும்போது வீடியோவையும் மீட்டர் ரீடிங்கையும் வாட்ஸ்அப்ல முன்னாடியே அனுப்பிடுங்க.