செயப்படுபொருளின் அடையாளம்: வங்கம், தமிழ், சுவாகிலி

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில், இந்துஸ்தான் பார்க்கில் வாழ்ந்தவர் மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி (1890-1977). வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவரது பெருநூல் 1926இல் வெளிவந்தது. வங்கத் தொடரமைப்பில் திராவிடத் தாக்கம் உண்டு என்பது அவர் கொண்ட கருத்து. ஆப்பிரிக்கப் பண்பாடு குறித்தும் 1960இல் அவர் நூல் எழுதினார். அவர் ஈடுபட்ட இவ்விரு நிலப்பரப்புகளின் மொழிகளையும் செயப்படுபொருள் நிலையில் ஒப்பிடலாம்.

வங்கத்தில் மக்களைக் குறிக்கும் செயப்படுபொருள் 'கே' உருபு ஏற்கும். பொருள்களைக் குறிப்பது பெரும்பாலும் ஏற்காது. தமிழிலும் 'சிறுவனைக் கண்டார்' என உருபு விரிந்தே வரும். 'பூப் பறித்தார்' என அஃறிணையில் அது தொக்கு நிற்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே கூறும் திணைப்பாகுபாடு இங்குத் தொழிற்படுகிறது.

சுவாகிலியில் பெயர் வேற்றுமையுருபு ஏற்பதில்லை. வினையே உறவைச் சுமக்கிறது. 'நிலிம்வோனா ஜுமா' (ஜுமாவைக் கண்டேன்) என்பதில் 'நி' எழுவாயையும், 'லி' இறந்த காலத்தையும், 'ம்வ்' செயப்படுபொருளையும் காட்டும். நூலைக் கண்டால் 'நிலியோனா கிதாபு' என்றாலே போதும். அந்நூல் முன்பே அறியப்பட்டதாயின் 'கி' சேர்ந்து 'நிலிகியோனா' என்றாகும்.

அடையாளம் நிற்கும் இடம் வேறு. அதை வேண்டும் காரணம் ஒன்றே. ஆயினும் இதனை இனவுறவுக்குச் சான்றாக்குதல் பொருந்தாது. ஸ்பானிய மொழியும் மக்களுக்கே செயப்படுபொருள் அடையாளம் இடுகிறது. இனவுறவை நிறுவ ஒழுங்கான ஒலியியைபுகளே வேண்டும். இலக்கணப் போக்கின் ஒப்புமை மட்டும் அதற்குப் போதாது.