நலிந்த ஒளியிலிருந்து தனி மூலக்கூறு வரை: இராமன் சிதறல் பெருக்கத்தின் வரலாறு

முன்னுரை

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறல், ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய அதிர்வுகளை அலைநீள மாற்றமாக வெளிப்படுத்துகிறது. ஆயினும் அச்சிதறல் மிக நலிந்தது. படும் ஒளித்துகள்களுள் கோடியில் ஒன்று எனும் அளவிலோ அதனினும் குறைவாகவோதான் அது நிகழ்கிறது. எனவே மிகக் குறைந்த செறிவிலுள்ள பொருள்களைக் கண்டறிய அது நெடுங்காலம் பயன்படவில்லை. இத்தடை நீங்கியதற்குப் புதிய சோதனைகளோடு, கிடைத்த தரவுகளுக்கு அளிக்கப்பட்ட விளக்கம் மாறியதும் காரணமாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஒரு தரவு, இரு விளக்கங்கள்

1974இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஃப்ளைஷ்மன், ஹென்ட்ரா, மக்குவில்லன் ஆகியோர் வெள்ளி மின்முனையை மின்வேதியியல் முறையில் கரடுமுரடாக்கி, அதன்மேல் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளின் இராமன் நிறமாலையைப் பதிவு செய்தனர். பரப்பு பெருகியதால் ஒட்டிய மூலக்கூறுகளும் பெருகின. அதனாலேயே சமிக்ஞை வலுத்தது என்பது அவர்தம் கருத்து.

1977இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான்மேர், வான் டைன் இருவரும், கென்ட் பல்கலைக்கழகத்தின் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியே இதனை மறுத்தனர். ஒவ்வொரு மூலக்கூறின் சிதறலும் 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை பெருகியிருப்பதைப் பரப்பின் பெருக்கத்தால் மட்டும் விளக்க இயலாது என அவர்கள் காட்டினர். 1978இல் மாஸ்கோவிட்ஸ், வெள்ளியின் நுண்மேடுகளில் எலக்ட்ரான்கள் ஒருங்கே அலைவுறும் பிளாஸ்மான் ஒத்ததிர்வே காரணம் என முன்மொழிந்தார். 1857இல் ஃபாரடே ஆராய்ந்த தங்கக் கூழ்மத்தின் செந்நிறத்திற்கும், 1908இல் மீ வகுத்த கோட்பாட்டிற்கும் அடிப்படையான நிகழ்வும் இதுவே.

தனி மூலக்கூறும் மிகை மதிப்பீடும்

1997இல் நீ, எமரி ஆகியோரும், நைப் குழுவினரும் வெள்ளி நானோதுகள்களைக் கொண்டு தனி மூலக்கூறின் இராமன் சிதறலைக் கண்டதாக அறிவித்தனர். அப்போது பெருக்கம் 10-இன் 14ஆம் அடுக்கு வரை மதிப்பிடப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அம்மதிப்பைப் பெரிதும் குறைத்தன. ஏறத்தாழ 10-இன் 8ஆம் அடுக்குப் பெருக்கமே போதுமானதாகலாம் எனத் தெரியவந்தது.

காந்தத்தின் பங்கு

வலுவான பெருக்கம் துகள்களுக்கிடையே சில நானோமீட்டர் இடைவெளிகளில் மட்டுமே நிகழும். கரைசலில் அரிதாகவுள்ள மூலக்கூறுகள் அவ்விடங்களை அடைவது கடினம். ஆகவே கண்டறிதலுக்கு முன் திரட்டுதல் தேவையாயிற்று. 2003இல் மிர்கின் குழுவினர், எதிர்ப்பொருள் பூசிய காந்த நுண்துகள்களால் புராஸ்டேட் சார் புரதத்தைப் பிரித்தெடுத்து, தங்க நானோதுகள்கள் சுமந்த டி.என்.ஏ. இழைகளின் வழியே 30 அட்டோமோலார் செறிவில் அதனைக் கண்டறிந்தனர். இது ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 18 மூலக்கூறுகள் என்னும் அளவாகும். இம்முறை இராமன் சிதறலைப் பயன்படுத்தவில்லை. எனினும் காந்தத்தால் திரட்டுவதன் ஆற்றலை அது மெய்ப்பித்தது. காந்த உட்கருவின்மேல் தங்க உறை கொண்ட துகள்கள் திரட்டுதல், பெருக்குதல் ஆகிய இரு பணிகளையும் ஒன்றிணைக்கின்றன. ஆனால் இரும்பு ஆக்சைடு ஒளியை உறிஞ்சுவதால் பிளாஸ்மான் ஒத்ததிர்வு நலிவுறக்கூடும். உறையின் தடிமன் இவ்விரண்டையும் சமன்செய்யுமாறு அமைதல் வேண்டும்.

முடிவுரை

1974இல் பதிவான வலுவான சமிக்ஞை, மூன்றாண்டுகள் கழித்தே புதிய நிகழ்வாக அறியப்பட்டது. 1997இன் மதிப்பீடோ பின்னர்க் குறைத்துக் கொள்ளப்பட்டது. முன்னதில் விளைவு குறைத்தும், பின்னதில் மிகுத்தும் எடைபோடப்பட்டது. இருமுறையும் பிழையைக் களைந்தது, ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு எனக் கணக்கிட்ட எளிய வினாவே. நுண்ணுணர் கண்டறிதலின் வரலாறு இவ்வகையில் கணக்கீட்டு ஒழுக்கத்தின் வரலாறாகவும் அமைகிறது.