கொக்கிளாயின் கறுப்பு மணல்

முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய். முகத்துவாரத்தைத் தாண்டினால் புல்மோட்டை. அந்தக் கரை மணல் பல இடங்களில் கறுப்பாய்க் கிடக்கும். அதுதான் இல்மனைட்: இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம்.

ஓ.எல். விஞ்ஞானத்தோட நிப்பாட்டின கலைப்பீடத்துக்காரர் நாங்கள். ஐதரசன் காரைப் பற்றி எங்களுக்கென்ன கதை எண்டு கேட்டால், இந்த மணல்தான் காரணம்.

ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கலாம் என்று வில்லியம் குரோவ் காட்டி 180 வருசத்துக்கு மேலாகிறது. தத்துவம் அப்பவே தெரியும். மலிவாய், நிறையச் செய்யிறதுதான் சிக்கல். எரிபொருள் கலம் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் அடுக்கவேணும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு தகடு. அது மின்னைக் கடத்தவேணும், வாயுவைப் பரப்பவேணும், அமிலத்துக்கு அரிபடவும் கூடாது. முதலில் காரீயத்தில் செய்தார்கள், மெல்லிசாக்கினால் உடையும். 2014இல் வந்த ரொயோட்டா மிராய் காரில் 370 கலங்கள், தகடுகள் தைத்தேனியம். ஆனால் தைத்தேனியத்தின் மேல் படியும் ஒட்சைட்டுப் படலம் மின்னை மறிக்கும். அதனால் அச்சில் அழுத்தின பிறகு தகடு தகடாகக் காபன் பூசினார்கள். நேரமும் காசும் அங்கதான் போனது. 2020 மாதிரிக்கு கோபே ஸ்டீல் நிறுவனம் முறையையே திருப்பிப்போட்டது: சுருளாய் இருக்கும்போதே பூசு, பிறகு அழுத்து. கேட்டால் சின்ன விசயம்தான். கலங்கள் 330ஆகக் குறைய, வலு 114இலிருந்து 128 கிலோவாற்றாகக் கூடியது.

அந்தக் காரில் எங்கட மணல் இருக்கெண்டு சொல்லவரேல்ல. உலக இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்டுக்குத்தான் போகிறது. புல்மோட்டையில் கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் தொடங்கினது. மணலைக் கழுவி, காந்தத்தால் பிரித்து, கப்பலில் ஏற்றுவதுதான் வேலை. அதற்கு மேலான படி ஒன்றும் இந்தக் கரைக்கு வரவில்லை.

வந்தது வேற. 1984 கடைசியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனம் ஊரைவிட்டு விரட்டப்பட்டது. 1997 செப்டம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்ற நின்ற ‘கோடியாலிற்றி’ கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்குள்ளானது. யுத்தம் முடிந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு சனம் திரும்பி வந்தால், மணல் அகழ்வு கொக்கிளாய்ப் பக்கமும் வருகுதெண்ட கதை. எதிர்த்து நின்றார்கள். கரையைத் தோண்டினால் கடல் உள்ளுக்கு வரும், கரைவலைப் பாடும் போயிடும் எண்டதுதான் அவர்களின் பயம்.