ஒழுங்கையும் துவிச்சக்கரவண்டியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் கல்வெட்டுக்களிலும் தேடுவது வழக்கம். அந்நாட்டு மக்கள் நாள்தோறும் நடந்து திரிந்த வழிகளில் அதனைத் தேடுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு சமுதாயம் எவ்வாறு உழைத்தது, எவ்வாறு கூடி வாழ்ந்தது, எந்நோயால் வருந்தியது, எந்நோயினின்றும் தப்பியது என்பனவற்றைக் கோட்டை மதில்களைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல வல்லவை அவ்வழிகளே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளும் ஒழுங்கைகளும் இவ்வகையில் ஆராயத்தக்கன.

குடாநாடு மலையென்று ஒன்றில்லாத சமதரை. ஆறு என்று சொல்லுதற்கு மாரிகாலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கற்பாறை. அதன் இடுக்குகளில் மழைநீர் தேங்கி நிற்பதால் வெட்டிய இடமெல்லாம் கிணறு. ஆற்றங்கரையை நாடி ஓரிடத்திற் குவிந்து வாழ வேண்டிய தேவை இம்மக்களுக்கு இருந்ததில்லை. வளவுக்கு ஒரு கிணறு, வளவைச் சுற்றி வேலி, இரண்டு வேலிகளுக்கிடையே ஓர் ஒழுங்கை என்று குடியிருப்பு பரந்தது. ஓரூர் முடியுமிடமும் மற்றோரூர் தொடங்குமிடமும் புதியவர் கண்ணுக்குப் புலப்படா. யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 4 கிலோமீற்றர். சுன்னாகம் 10 கிலோமீற்றர். வடகோடியிலுள்ள காங்கேசன்துறையும் 20 கிலோமீற்றருக்குட்பட்டதே. நடப்பவனுக்கு இயன்ற தூரத்திற் கோயிலும் கேணியும் சந்தையும் அமைந்த நாடு அது.

அந்நாளில் வழிநடைக்கு வேண்டிய வசதிகளை அரசு மாத்திரம் செய்ததில்லை. ஊரவரே அறமாகக் கருதிச் செய்தனர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கிக் கல் நட்டனர். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் இருந்தது. கால்நடைகள் உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், அவை நீர் அருந்தத் தொட்டியும் அமைத்தனர். வசதியுள்ளோர் வீட்டு வாயிலிற் கூரையிட்ட சங்கடப்படலை இருந்தது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அதன் கீழ் ஒதுங்கலாம், திண்ணையில் இருந்து இளைப்பாறலாம். பருத்தித்துறையில் இன்றும் காணப்படும் தெருமூடிமடம் இவ்வகை அறங்களுள் தனிச் சிறப்புடையது. தெருவின் இருமருங்கும் கற்றிண்ணைகள் அமைத்து, தெருவின் மேலேயே கூரை வேய்ந்து, நடப்பவரை நிழலுக்குள் நுழைந்து செல்லச் செய்த கட்டடம் அது. வேலிகளிற் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நின்றன. ஆடு மாடுகளுக்குக் குழையும், தோட்டத்திற்குப் பசளையும் தந்த அம்மரங்களே ஒழுங்கைக்கு நிழலும் தந்தன.

இப்பழைய ஏற்பாட்டினை முற்றிலும் குற்றமற்றதென்று கொள்வதும் வரலாறாகாது. மடத்தின் திண்ணையும் கிணற்றின் நீரும் கோயில் வீதியும் எல்லோருக்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் அண்மையிலிருந்த கிணற்றைக் கடந்து தொலைவிற் சென்று நீருக்குக் காத்து நின்றனர். அவர்தம் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் இடம்பெறாமல் தூரத்துப் பள்ளியை நாடி நடந்தனர். பள்ளிகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற கிளர்ச்சி 1930ஆம் ஆண்டளவிலும், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இலும் நிகழ்ந்தமை, வழி குறுகியிருந்தால் மாத்திரம் போதாது, அது யாவர்க்கும் உரியதாயும் இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டும்.

நடந்து திரிந்த அம்மக்கள் நோயின்றி வாழ்ந்தார்களோவெனின், அதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி குடாநாட்டிற் பலமுறை பரவிப் பலரைப் பலிகொண்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவம் செய்ததோடு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் தொண்டாற்றினார். இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை அவர் செய்த பணியின் சாரம், தூய நீரும் தூய்மையான சூழலும் இன்றி நலமில்லை என்பதேயாம். அக்காலத்து மனிதனின் கால்கள் வலியனவாயிருந்தன. அவன் கிணறு காப்பற்றதாயிருந்தது. நூறாண்டு கழிந்து நிலைமை தலைகீழாக மாறியது. தடுப்பு மருந்தும் பொதுச் சுகாதாரமும் தொற்றுநோய்களை ஒடுக்கின. ஆனால் கால்களுக்கு வேலை குறையத் தொடங்கியது.

இவ்விரு காலங்களுக்கும் பாலமாய் வந்தது துவிச்சக்கரவண்டி. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஒத்த அளவினவான வண்டியை இயற்றினார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைக் கண்டார். பாரமான பழைய வண்டி, எவரும் ஏறத்தக்க எளிய ஊர்தியாயிற்று. அதனை ஏற்பதற்கு யாழ்ப்பாணம் முன்னரே ஆயத்தமாயிருந்தது என்று சொல்லத்தகும். 1829 முதல் 1867 வரை வடமாகாண ஆட்சிப் பொறுப்பைப் பெரும்பாலும் தம் கையில் வைத்திருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் காலத்திலும், அவர்க்குப் பின் வந்த துவைனம் காலத்திலும் வீதிகள் திருத்தம் பெற்றன. 1905இற் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று சிறு தொலைவுகளில் நிலையங்கள் அமைந்தன. வீட்டிலிருந்து நிலையம் வரை நடை அல்லது துவிச்சக்கரவண்டி, அப்பாற் புகையிரதம். நீண்ட பயணமும் கால்களின் உழைப்போடுதான் தொடங்கியது.

பள்ளிகளும் அவ்வாறே பரந்திருந்தன. அமெரிக்க மிஷனார் 1816 முதல் ஊர்தோறும் பள்ளிகள் நிறுவினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அவர் காட்டிய வழியிற் சைவப் பள்ளிகள் பல எழுந்தன. சமயப் போட்டியால் விளைந்த இப்பெருக்கத்திற்கு எவரும் எண்ணாத பயன் ஒன்றும் உண்டாயிற்று. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்து செல்லத்தக்க தூரத்தில் அமைந்தது. பின்னர் சந்திகள்தோறும் தோன்றிய வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் முதியோரையும் மாலையில் வெளியே நடக்க வைத்தன. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தபாற்காரரும், தோட்டத்து வாழைக்குலையைச் சந்தைக்குக் கொண்டு சென்ற கமக்காரரும் துவிச்சக்கரவண்டியையே நம்பினர். காலப்போக்கிற் பெண்களும் மாணவிகளும் அதில் ஏறியபோது, அவர்கள் துணையின்றிச் சென்றுவரக்கூடிய எல்லையும் விரிந்தது.

இவ்வழக்கத்தின் மருத்துவப் பயனை உலகம் சற்றுப் பிந்தியே அறிந்தது. 1953இல் இலண்டனில் ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் மாடிப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடையே இருதயநோய் குறைவாயிருந்தது. நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் கடிதம் சேர்த்த தபாற்காரரை, மேசையில் இருந்து பணிபுரிந்த தபாலதிகாரிகளோடு ஒப்பிட்டபோதும் அவ்வாறே காணப்பட்டது. உலக சுகாதார தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் ஒருவருக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். திருநெல்வேலியிலிருந்து நகருக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்று திரும்புபவருக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரத்துக்கு மேலாகும். கிழமையில் ஐந்து நாள் அவ்வாறு செய்தால் அந்த அளவு தானே நிறைந்துவிடும். அவர் தனியே தேகப்பயிற்சி செய்ய வேண்டுவதில்லை. வேலைக்குப் போய்வந்தாலே போதும்.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது இவ்வரலாறு கடுமையான ஒரு கட்டத்தை அடைந்தது. புகையிரதம் நின்றது; கண்டி வீதி அடைபட்டது; மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரியதாய் விலையேறியது. ஜாம் போத்தலில் திரியிட்டுச் சில துளி எண்ணெயில் விளக்கேற்றி மாணவர் படித்தனர். குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியின் மேல் ஏறியது என்றால் அது மிகையன்று. விறகு, நெல், சீமெந்து, மீன், நோயாளி, கருவுற்ற தாய் அனைவரையும் அனைத்தையும் அது சுமந்தது. பின்னிருக்கையில் நோயாளியை அமர்த்தி, விழாதபடி ஒருவர் தாங்கி வர, மைல் கணக்காக உருட்டிச் சென்று வைத்தியசாலையிற் சேர்த்த இரவுகள் பல. வானொலிச் செய்தி கேட்க விரும்பியவர், துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுழற்றி, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிப் பெட்டியை இயக்கினர். ஒருவர் மிதிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். மிதி தளர்ந்தால் குரலும் தளர்ந்தது.

இக்காலத்தை உடலுழைப்பின் பொற்காலமென்று புகழ்வது கொடுமையாகும். மருந்தின்றி மாண்டவர் பலர். அரைவயிற்றோடு மிதித்தவர் பலர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, நெரிசலில் எவராலும் துவிச்சக்கரவண்டியில் ஏறிச் செல்ல முடியவில்லை. மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, குழந்தையை நடுவே இருத்தி, மழையில் உருட்டிக்கொண்டே நடந்தனர். வறுமையாலும் தடையாலும் மிதிக்க நேர்வது வேறு. விரும்பி மிதிப்பது வேறு. எனினும் அவ்வாண்டுகள் ஓர் உண்மையை நிறுவின. எரிபொருள் அற்ற நிலையிலும் பள்ளிகளும் சந்தைகளும் வைத்தியசாலைகளும் ஓரளவேனும் இயங்கியமைக்கு, அவை மிதித்துச் சேரத்தக்க தூரத்தில் இருந்தமையே பெரிய காரணம். ஊரமைப்பு மக்களைக் கைவிடவில்லை.

2002இற் பாதை திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. 2006இற் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இற் போர் முடிந்தபின் வீதிகள் அகன்று, வழவழப்பான தார் பெற்று, வேகத்திற்கு ஏற்றவையாயின. தவணை முறையில் ஊர்திகள் எளிதிற் கிடைத்தன. நெடுங்காலம் தடையுண்டிருந்த மக்கள் விரைவை விரும்பியதிற் குற்றமில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையே கவனித்தல் வேண்டும். அகன்ற வீதியின் ஓரத்து நிழல்மரங்கள் வீழ்ந்தன. கிடுகு வேலியும் பூவரசும் நின்ற இடத்தில் உயர்ந்த மதில்கள் எழுந்தன. வெயிலை உள்வாங்கித் திருப்பி வீசும் அம்மதில்களுக்கிடையே நண்பகலில் நடப்பது கடினமாயிற்று. வீதியோரத்தில் மிதித்துச் சென்ற முதியவர் விபத்துக்கு அஞ்சினார். பெற்றோர் பிள்ளையைத் தனியே பள்ளிக்கு விட அஞ்சி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றனர். அதனால் பள்ளி வாயிலில் நெரிசல் கூடியது. நெரிசலால் அச்சமும் கூடியது.

இதே காலத்தில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருதயநோயும் நாடெங்கும் பெருகின. போர் நிகழ்ந்த வடக்கும் கிழக்கும் நீங்கலாக 2005–2006இல் இலங்கையில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் நீரிழிவு உடையவராகவோ அதன் வாயிலில் நிற்பவராகவோ இருக்கக் கண்டது. உணவு, பரம்பரை, மனத்துயர் எனக் காரணம் பல. ஆயினும் கால்கள் ஓய்ந்தமையும் அவற்றுள் ஒன்று என்பதில் மருத்துவர்க்கு ஐயமில்லை.

சமதரையாயிருப்பதனால் மாத்திரம் துவிச்சக்கரவண்டி நிலைத்துவிடாது என்பதற்கு ஒல்லாந்து நாட்டின் வரலாறே சான்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு, ஐங்கோணக் கோட்டையை விட்டுச் சென்றவர்களின் நாடு அது. யாழ்ப்பாணம் போலவே தாழ்ந்த சமநிலம். அங்கும் 1950களிலும் 1960களிலும் மோட்டார்க் கார் பெருகத் துவிச்சக்கரவண்டி ஒதுக்கப்பட்டது. 1971இல் அந்நாட்டு வீதிகளில் மாண்ட குழந்தைகள் 400க்கு மேற்பட்டோர். தாய்தந்தையர் வீதியில் இறங்கிக் குரலெழுப்பினர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. அதன் பின்னரே தனித் துவிச்சக்கரவண்டிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் நாடளாவிப் பரவின. இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் மிதித்துச் செல்வது நிலத்தின் கொடையாலன்று. மக்கள் கேட்டுப் பெற்ற ஏற்பாட்டினாலேயாம்.

யாழ்ப்பாணத்திற்கு இத்தகைய எச்சரிக்கையொன்று 2022இல் வந்தது. இலங்கை முழுவதும் எரிபொருள் அருகி, யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரம் வழங்கப்படும் நிலை உண்டானபோது, கொட்டில்களிற் துருவேறிக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. தலைநகரம் திகைத்து நிற்கக் குடாநாடு பழைய பாடத்தை நினைவுகூர்ந்தது. எரிபொருள் திரும்பியதும் அவற்றிற் பல மீண்டும் கொட்டிலுக்குச் சென்றன. கேடு வரும்போது மாத்திரம் நினைக்கப்படும் நன்மை நெடுநாள் நிலைப்பதில்லை.

புதிதாக ஒரு நகரத்தை எழுப்பி இந்நலத்தைத் தேட வேண்டிய நாடுகள் உலகிற் பலவுண்டு. யாழ்ப்பாணத்திற்கு அவ்வருமை இல்லை. ஒழுங்கைகள் இருக்கின்றன; அவற்றை அடைத்து மதில் கட்டாதிருத்தல் வேண்டும். ஊர்ப்பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் குறைந்தனவென்று அவற்றை மூடித் தூரத்துப் பள்ளியைப் பெருப்பிக்குமுன் நன்கு எண்ணுதல் வேண்டும். பெருவீதிகளின் ஓரத்தில் மிதிப்பவர்க்கும் நடப்பவர்க்கும் தனியிடமும், பள்ளி வைத்தியசாலைகளின் அருகே வேகத்தடையும், வெட்டிய மரத்திற்கு ஈடாக வேம்பும் பூவரசும் வேண்டும். இவை மாநகரசபைக்கும் பிரதேச சபைகளுக்கும் அப்பாற்பட்ட பெருந்திட்டங்கள் அல்ல. தெருவின் மேலே கூரையிட்டு, வருபவர் எவரென்று அறியாமலே நிழல் கொடுத்த முன்னோரின் அறம் இக்காலத்தில் எடுக்கவேண்டிய வடிவம் அவையே.